பழைய சவர ஸ்டாண்டு, மடக்குக் கத்தி, தோல் வார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய ஷேவிங் ஸ்டாண்டு நிற்கிறது. பக்கத்து அலமாரியில் சவரம் செய்யும் மடக்குக் கத்திகள் ஏழு. வருகிறவர்கள் முதலில் கண்ணாடியில் முகம் பார்ப்பார்கள், தலையைக் கோதிக்கொள்வார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள். பல வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். குடியாத்தம், ஆரணி, வாலாஜா பக்கமிருந்து ஃபோனில் கேட்பவர்களுக்கும் அதே பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

சவர ஸ்டாண்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று விதமான பொருளுக்கு ஒரே பெயர் ஓடுகிறது. முதலாவது தரையில் நிற்பது: மூன்று கால், நடுவில் ஒரு தண்டு, மேலே ஏற்றி இறக்கிச் சாய்த்துக்கொள்ளும் கண்ணாடி, அதன் கீழே கிண்ணியும் பிரஷும் வைக்க ஒரு தட்டு. இரண்டாவது மேசைமேல் வைப்பது: இழுப்பறை உள்ள பெட்டி, அதன்மேல் இரண்டு தூணுக்கு நடுவே ஆடும் கண்ணாடி. மூன்றாவது கைக்கடக்கமான உலோகத் தாங்கி: பிரஷைத் தொங்கவிட ஒரு கொக்கி, சோப்புக் கிண்ணம் உட்கார ஒரு வளையம், சிலவற்றில் கத்திக்கு ஒரு பிளவு. முதல் இரண்டும் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பரவிய வடிவங்கள். நம் தச்சர்கள் தேக்கிலும் ஈட்டி மரத்திலும் அதே மாதிரி செய்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அப்படி ஒரு தேக்கு ஸ்டாண்டு. ஒரு கால் கொஞ்சம் குட்டை. நான்காக மடித்த தபால் அட்டை ஒன்றை அதன் அடியில் செருகி வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஸ்டாண்டு கிடைக்கிறது. கூடவே இருக்க வேண்டிய கத்தி ஏன் கிடைப்பதில்லை?

நல்ல கேள்வி, ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை. அந்த வீட்டுக்காரர் தானே சவரம் செய்துகொள்ளவில்லை, அதுதான் காரணம். நாவிதர் வீடு தேடி வருவார். திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ மணை போட்டு உட்காரவைத்து வேலையை முடித்துவிட்டுப் போவார். கத்தி, கல், வார் (கத்தியைத் தீட்டும் தோல் பட்டை), கிண்ணி எல்லாம் அவருடைய அடப்பத்தில், அதாவது தொழில் சாமான் வைக்கும் தோல் பையில் வரும், அதிலேயே திரும்பிப் போகும். நான் பார்த்தவரை, வக்கீல் வீடுகளிலும் உத்தியோகஸ்தர் வீடுகளிலும் ஸ்டாண்டு வந்து உட்கார்ந்தது சேஃப்டி ரேஸர் பழக்கத்துக்கு வந்த பிறகுதான். ஜில்லெட் தன் ரேஸரை விற்கத் தொடங்கியதே 1903-இல்தான்.

ஆகவே நம் ஊரில் மடக்குக் கத்தி கிடைத்தால் அது அநேகமாக ஒரு நாவிதரின் தொழில் கத்தி. மடக்குக் கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக அளப்பார்கள். எட்டில் ஆறு பங்கு அகலத்தில் வந்த கத்தி, கல்லில் தேய்ந்து தேய்ந்து எட்டில் நான்குக்கு இறங்கியிருக்கும். சேகரிப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு என்னவோ, புத்தம்புதிதாகப் பெட்டியில் தூங்கிய கத்தியைவிட இதன்மேல்தான் பிரியம். வெட்டும் வாய் சீராக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது கெட்டிக்காரக் கை தொட்ட கத்தி.

'கோட்டையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரியுடையது' என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். வேலூரில் பழைய சாமான் எது விற்றாலும் அது கோட்டையிலிருந்துதான் வரும். 'வேலூர் கலெக்டர் பங்களா, 1880' என்று என்னிடம் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை தலைநகர் சித்தூர். அந்த வருடம் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் கலெக்டர் வேலூருக்கு வந்தார். இதைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் அசராமல், 'அப்ப சித்தூர் கலெக்டர்னு வெச்சுக்குங்க சார்' என்றார்.

கோட்டைக்கும் சவரத்துக்கும் உண்மையான சம்பந்தம் ஒன்று உண்டு, அது வேறு மாதிரி. 1806 ஜூலை 10 விடியும் முன் சிப்பாய்கள் எழுந்த புரட்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, சென்னைப் படைத் தலைவர் ஜான் கிரடாக் காலத்தில் வந்த புதிய விதிகள். நெற்றிக் குறி கூடாது, சீருடையில் காதணி கூடாது, தாடை மழுமழுவென்று சிரைத்திருக்க வேண்டும், மீசை முடிந்தவரை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். போதாததற்குப் புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் வேறு. முகத்தின் முடியும் தோலும் சேர்ந்து இந்த ஊரில் என்ன செய்திருக்கின்றன, பாருங்கள்.

கத்தியில் இருக்கும் எழுத்தை வைத்து வயது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். மடக்கும் ஆணிக்குப் பக்கத்தில், கத்தியின் கழுத்தில் முத்திரை இருக்கும். எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். ஷெஃபீல்டு என்றால் இங்கிலாந்து, சோலிங்கன் என்றால் ஜெர்மனி, எஸ்கில்ஸ்டூனா என்றால் ஸ்வீடன். நட்சத்திரமும் பக்கத்தில் மால்டா சிலுவையும் இருந்தால் ஷெஃபீல்டின் ஜோசப் ரோஜர்ஸ். ஒரு மரத்தின் உருவம் இருந்தால் சோலிங்கனின் பூக்கர்.

ஊர்ப் பெயரோடு நாட்டுப் பெயரும் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1890-க்குப் பிந்தையது. வெளிநாட்டுச் சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று காட்டச் சொல்லும் சட்டங்கள் அந்தச் சமயத்தில்தான் வரிசையாக வந்தன: பிரிட்டனில் 1887, இந்தியாவில் 1889, அமெரிக்காவில் 1890. நாட்டுப் பெயர் இல்லை என்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முத்திரை தேய்ந்தும் போயிருக்கலாம்.

முத்திரையே இல்லாமல், கட்டையாக, கனமாக இருந்தால் உள்ளூர்க் கொல்லர் பட்டறையில் அடித்ததாக இருக்கலாம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டாண்டு உண்மையிலேயே பழையதா என்று எப்படிப் பார்ப்பது?

தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கத்தை யாரும் பழசாக்கிவிடலாம், அடிப்பக்கத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அந்த ஸ்க்ரூ 1930-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பிறகு பழுது பார்த்தபோது மாட்டியதாகவும் இருக்கலாம், ஆகவே எல்லா ஸ்க்ரூவையும் பாருங்கள். இழுப்பறையை வெளியே எடுத்து, அடியில் ஓடித் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பித்தளைத் தாங்கிகளில் மொராதாபாத்தில் இன்றும் 'பழைய பாணி' என்று சொல்லியே செய்து விற்பவை ஏராளம். அவை மோசமான பொருள்கள் அல்ல, வயதுதான் பொய்.

'வெள்ளி சார்' என்று காட்டும் கிண்ணத்தின் அடியில் இ.பி.என்.எஸ். என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை. நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்போமே, அதன்மேல் மெல்லிசாக வெள்ளி. முலாம் பூசிய எதையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் போய் அடி உலோகம் பல்லிளிக்கும். முழுப் பித்தளைக் கிண்ணிக்கு மட்டும் புளி சரி.

கண்ணாடியில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. புதிது மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். ஸ்டாண்டின் வயதுக்குப் பாதிச் சாட்சி அந்தக் கண்ணாடிதான். வியாபாரிகள் எல்லாவற்றையும் 'பெல்ஜியம் கண்ணாடி' என்பார்கள், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பின்பக்கத்தில் வெள்ளி பூசும் முறையை லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1835-இல் கண்டுபிடித்தார். அதற்கு முன்பும், பிறகும் சில காலம், வெள்ளீயத் தகட்டில் பாதரசம் சேர்த்துச் செய்த கண்ணாடிகள்தான். பின்பக்கம் பளபளப்பான சாம்பல் நிறத்தில், மணல் தூவினாற்போல இருந்தால் அதைச் சுரண்டவோ சூடாக்கவோ கூடாது, பாதரசம் விளையாட்டல்ல. முகம் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.

கத்தியின் பிடி தந்தம் என்கிறார்கள். வாங்கலாமா?

தந்தமானால் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதில் 1986-இலும் 1991-இலும் செய்த திருத்தங்களும் உள்நாட்டுத் தந்தம், ஆப்பிரிக்கத் தந்தம் இரண்டின் வியாபாரத்தையும் அடைத்துவிட்டன. அழுங்காமை ஓட்டில் செய்த பிடிக்கும் இதே கதிதான்.

நடைமுறையில், தந்தம் என்று காட்டுவதில் பெரும்பகுதி எலும்பு அல்லது செல்லுலாய்டு. எலும்பில் பொடிப் பொடியாகக் கறுப்புத் துளைகள் தெரியும். தந்தத்தின் குறுக்கு வெட்டில் வலை பின்னியது போல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். செல்லுலாய்டை அறிய மூக்கு போதும்: கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் கலந்துதான். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

செல்லுலாய்டுக்கு இன்னொரு நோயும் உண்டு. வயதானால் தானாகவே சிதைந்து அமில ஆவி விடும், அந்த ஆவி பிடிக்குள் இருக்கும் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். பிடி பொரிந்து, கத்தியில் அந்த இடம் மட்டும் அரித்திருந்தால் அதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தொற்றுநோய்க்காரரைத் தனியறையில் வைப்பது போலத்தான்.

தோல் வாருக்கு எங்கே போவது? ஆன்லைனில் யானை விலை சொல்கிறார்களே?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஊர்களை வைத்துக்கொண்டு நாம் ஏன் வெளிநாட்டு வாருக்கு அலைய வேண்டும்? ஆனால் எந்தத் தோல் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

இன்று செருப்பு, ஷூ மேல்பாகத்துக்குப் போகும் தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும். வாருக்கு உகந்தது பட்டை போட்டுப் பதனிட்ட தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் இந்த ஊர்களின் முதல். அந்தத் தோல் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் கப்பலேறியது. இப்போது ஆவாரைக்குப் பதில் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு அதிகம். பரவாயில்லை, வாருக்கு அதுவும் நன்றாகவே உழைக்கிறது. (குரோமியக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பெரிய கதை. அதற்கு இந்த இடம் போதாது.)

கடையில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறமென்றால் குரோம் தோல், முழுக்கப் பழுப்பு என்றால் பட்டைத் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும். மாட்டின் முதுகுப் பகுதியில் வெட்டிய துண்டாகக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி தொய்ந்துவிடும். மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம், இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். ஒரு முனையில் கொக்கி, இன்னொரு முனையில் பிடித்து இழுக்க ஒரு வளையம். செருப்புத் தைப்பவர் அரைமணி நேரத்தில் தைத்துக் கொடுப்பார். குளியலறையில் மட்டும் மாட்டாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்துவிடும்.

வாரில் தீட்டுவது எப்படி?

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குடியாத்தம் பக்கத்தில் சலூன் வைத்திருந்த ஒரு பெரியவர். சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை அல்லவா, அன்றுதான் எனக்கு வகுப்பு. முதல் மூன்று செவ்வாயும் கத்தியையே தொடவிடவில்லை. பழைய சாப்பாட்டுக் கத்தியைக் கையில் கொடுத்து, 'இதாலே இழு தம்பி' என்றார். நான்காவது வாரம் கத்தி கொடுத்தார். அன்றைக்கே வாரில் குறுக்காக ஒரு வெட்டு போட்டேன். திட்டவில்லை. 'எல்லார் வாரிலேயும் ஒண்ணு இருக்கும்' என்று தன் வாரைத் திருப்பிக் காட்டினார்.

செய்முறை இதுதான். வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் மழுங்கும். கத்தியைப் படுக்க வையுங்கள்: முதுகும் வாயும் இரண்டுமே தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர இழுங்கள். முனைக்கு வந்ததும் கத்தியைத் தூக்காமல், முதுகின்மேலேயே புரட்டித் திரும்பி வாருங்கள். வாயின்மேல் புரட்டினால்தான் என் வாரில் விழுந்த மாதிரி வெட்டு விழும். அழுத்தமே வேண்டாம், கத்தியின் எடை போதும். சவரத்துக்கு முன்னால் முப்பதிலிருந்து ஐம்பது தடவை போய் வந்தால் சரி.

வார் எஃகைத் தேய்ப்பதில்லை. ஒவ்வொரு சவரத்திலும் கத்தி வாயின் மெல்லிய நுனி இப்படியும் அப்படியும் மடங்கிவிடுகிறது. அதை நேராக்கி வைக்கிறது, அவ்வளவுதான். வேகத்தைப் பற்றிக் கேட்டால், சினிமாவில் பட்பட்டென்று அடிப்பார்களே, அதை மறந்துவிடுங்கள். பெரியவர் வார் இழுக்கும் சத்தம் தாள் கிழிகிற மாதிரி நீளமாக, ஒரே சீராக இருக்கும். என்னுடையது இன்னும் அப்படி வரவில்லை.

கல்லில் எப்போது தீட்ட வேண்டும்? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. சுழலும் சாணையின் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாய்ந்து பதம் போய்விடும், அப்புறம் அது காய் நறுக்கக்கூட உதவாது. நானே ஒரு நல்ல ஷெஃபீல்டுக் கத்தியைப் பட்டறையில் கொடுத்துப் பாழாக்கியிருக்கிறேன். பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, அவர் அரிவாள் பழக்கத்தில் செய்தார்.

தட்டையான கல்லில், தண்ணீர் விட்டு, கையால் தீட்ட வேண்டும். இங்கே வாருக்கு நேர்மாறு: வாய் முன்னே போகும். முதுகும் கல்லைத் தொட்டபடியே போகட்டும். தீட்டும் கோணத்தை அந்த முதுகே பார்த்துக்கொள்ளும், அதற்காகத்தான் அதை அந்தக் கனத்தில் செய்திருக்கிறார்கள். முழுக்க மழுங்கிய கத்தியென்றால் 1000 எண் கல்லில் ஆரம்பித்து 4000, 8000 என்று போக வேண்டும் (எண் கூடக் கூடக் கல் நைசு). தினசரி வார் இழுத்து வந்தால் கல்லுக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். நாவிதர்களின் பழைய பெட்டிகளில் பெல்ஜியத்து மஞ்சள் கல்லோ, ஸ்வாட்டி என்ற செயற்கைக் கல்லோ கிடைத்தால் யோகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக இருப்பதால் கல் என்றே தெரியாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

துரு?

மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, மிக நைசான எமரித் தாளால் முதுகிலிருந்து வாய்ப் பக்கம் தேயுங்கள். பிடி மண்ணெண்ணெயில் முங்க வேண்டாம். வாயிலேயே குழி விழுந்திருந்தால் அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும். இனி துரு வராமல் இருக்க, சவரம் முடிந்ததும் துடைத்துக் காயவிட்டு ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும்.

ஸ்டாண்டோடு வந்த பழைய பிரஷைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்திலும் அதை ஒட்டியும், சரியாகச் சுத்தம் செய்யாத விலங்கு முடியில் செய்த மலிவு பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு முகத்தில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் வந்தது. 1920-இல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. அடைப்பான் கிருமியின் வித்து பல பத்தாண்டு உயிரோடு கிடக்கக்கூடியது. தோல் மண்டியில் வேலை செய்தவர்களுக்கு இந்த நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரஷை ஸ்டாண்டில் அழகுக்குத் தொங்கவிடுங்கள், முகத்துக்குப் புதிது வாங்குங்கள்.

படிகாரம் இன்னும் வேண்டுமா?

வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்கினால் வருடக் கணக்கில் வரும். நனைத்துத் தடவுங்கள், எரியும். எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே கத்தியைத் தப்பாகப் பிடித்தீர்கள் என்று அர்த்தம். கத்திக்கும் முகத்துக்கும் நடுவே முப்பது டிகிரிச் சாய்வு சரியானது.

சலூன்களில் இந்தக் கத்தி ஏன் மறைந்தது?

எச்.ஐ.வி. அச்சம் பெரிய காரணம். அந்தக் கதையிலும் நம் ஊர் இருக்கிறது. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதல்முறையாகத் தெரிந்தது. அடுத்து வந்த விழிப்புணர்வில், பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகும் ரேஸர் எல்லாச் சலூனுக்கும் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பிளேடு என்பது சரியான மாற்றம். அதை நினைத்து நான் வருத்தப்படமாட்டேன். உங்கள் மடக்குக் கத்தியை நீங்கள் மட்டும் பயன்படுத்துங்கள், அண்ணன் தம்பியானாலும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அப்படி வந்தால் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. வயது சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் கேளுங்கள். அப்படி இல்லாத கத்தியானால் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள்.

என் தாத்தாவின் அடப்பம் வீட்டில் இருக்கிறது. வைத்திருக்கத் தயக்கமாகவும் இருக்கிறது. விற்றுவிடட்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. அந்தத் தொழிலைக் குறிக்கும் வினைச்சொல்லையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அதே பெட்டியோடுதான் அந்தச் சமூகத்தினர் கட்டி கீறினார்கள், வைத்தியம் பார்த்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் இஷ்டம். விற்றால் பிரித்து விற்காதீர்கள். கத்தியை ஒருவரும் கிண்ணியை ஒருவரும் கொண்டுபோனால் மிச்சம் பழைய இரும்புதான். கத்தி, கல், வார், கத்தரி, நகவெட்டி, காதுக் குறும்பி எடுக்கும் கரண்டி, கைக்கண்ணாடி எல்லாம் அந்தத் தோல் பையிலேயே இருக்கட்டும். பளபளவென்று தேய்த்து வைக்காதீர்கள். ஒரு தாளில் தாத்தா பேர், ஊர், எந்தெந்தத் தெருவுக்குப் போவார், கூலி நெல்லா காசா, கத்தி எங்கே வாங்கினார் என்று உங்கள் அப்பாவையோ அத்தையையோ கேட்டு எழுதி உள்ளே போடுங்கள். அத்தைக்குத்தான் இதெல்லாம் அதிகம் ஞாபகம் இருக்கும், முதலில் அவரைக் கேளுங்கள்.